நம்ம நாட்டிலிருந்து வியாழனைப் பார்த்த ஒருவர்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைகாட்டி இருப்பது எங்கள் ஒழுங்கையில் பலருக்குத் தெரியும். நானா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்த 70 மில்லிமீற்றர் தொலைகாட்டி அது. பிள்ளைகளுக்கென்று வாங்கியது, கடைசியில் எனக்கே சொந்தமாகிவிட்டது. வானம் தெளிவாக உள்ள இரவுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஏறி வருவார்கள். உம்மா கீழேயிருந்து "பிள்ளைகளை விளிம்புக்கு விடாதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பா.

ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதல் முறையாக வியாழனைப் பார்த்தான். வெள்ளை வட்டம், அதில் மெல்லிய இரண்டு பட்டி, பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளி. கண்ணை எடுத்துவிட்டு தொலைகாட்டியின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். யாராவது படம் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று சந்தேகம். ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு கேட்டான்:

"டீச்சர், இதெல்லாம் வெள்ளைக்காரங்க அவங்க நாட்டில இருந்து பார்த்ததுதானே? நம்ம நாட்டில இருந்து யாராவது எதையும் கண்டுபிடிச்சிருக்காங்களா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன் நம் ஊரிலேயே உள்ள ஒரு விஷயம். பேரை வாவிக்கரையில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்ததுபோல் நிற்கும் இரட்டைக் கோபுரத்தை நமக்கெல்லாம் தெரியும். பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லவும் அதைத்தான் சொல்கிறோம், 'அல்டெயார்' என்று. அது ஒரு நட்சத்திரத்தின் பெயர். அரபியில் 'அந்நஸ்ர் அத்தாஇர்', பறக்கும் கழுகு. அந்த 'அத்தாஇர்' ஐரோப்பியர் வாயில் அல்டெயார் ஆகி, ஆயிரம் ஆண்டு சுற்றி, ஒரு கட்டடத்தின் பெயராக நம் தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது. தமிழில் அதே நட்சத்திரத்துக்குத் திருவோணம் என்று பெயர். கட்டடத்தை நாள்தோறும் பார்க்கிற நம்மில் எத்தனை பேர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறோம்?

நானும் பார்த்திருக்கவில்லை. "நட்சத்திரங்களுக்குப் பெயர் வைத்தது முஸ்லிம்கள்" என்று வரும் செய்திகளை வாட்ஸ்அப்பில் எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்ததில்லை. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964 ஆம் ஆண்டளவில் நிலையான நட்சத்திரங்கள் பற்றிய தன் நூலை எழுதியபோது, பழைய நூலில் உள்ளதை அப்படியே எடுத்தெழுதவில்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தின் பிரகாசத்தையும் தானே பார்த்துத் திருத்தினார். இன்று நாம் அந்திரமேடா அண்டம் என்று சொல்வதை, ஒரு சின்ன மேகத் திட்டாகக் கண்டு குறித்து வைத்தவர் அவர். வெறும் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதி வைத்ததால்தான் அவர் பெயர் நிற்கிறது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வோர்த் என்பவர் 1867 ஏப்ரலில் பிறந்தார். பிறந்த இடம் நம்ம கொழும்பு. அவருடைய வாப்பா கில்ஃபோர்ட் மோல்ஸ்வோர்த், இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் அந்தச் சேவையை நடத்திய முக்கியமான பொறியியலாளர். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பரில். அந்தப் பாதை பிறந்த காலத்திலேயே பிறந்த பிள்ளை பேர்சி. இங்கிலாந்தில் படித்து, பிரித்தானியப் படையின் பொறியியல் பிரிவில் அதிகாரியாகி, மீண்டும் இலங்கைக்கு வந்தார். அவருக்குக் கிடைத்த இடம் திருகோணமலை. பிரித்தானியக் கடற்படையின் பெரிய துறைமுகம் அது.

பகலில் படை வேலை. இரவில் அவர் செய்தது வேறு. ஜோர்ஜ் கல்வர் என்ற புகழ்பெற்ற ஆடி செய்பவரிடமிருந்து வந்த 12½ அங்குல ஆடித் தொலைகாட்டி ஒன்றைத் திருகோணமலையில் நிறுவி, வியாழனையும் செவ்வாயையும் பார்த்து வந்தார். 1890களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் இது நடந்தது. வானியல் அவருடைய தொழில் இல்லை, சம்பளமும் கிடையாது. லண்டனில் 1890 இல் தொடங்கிய பிரித்தானிய வானியல் சங்கம் இப்படிப்பட்ட ஆர்வலர்களின் சங்கம். தான் பார்த்ததை வரைந்தும் எழுதியும் அதற்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஏன் திருகோணமலை? அவர் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை, படை அனுப்பியது. ஆனால் அந்த ஊர் அவருக்கு இரண்டு விதத்தில் கைகொடுத்தது. இரண்டுமே நமக்கும் பயன்படும் விஷயங்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, அகலாங்கு. 1901 இல் வியாழன் வானத்தின் தென்பகுதியில், தனு ராசிப் பக்கம் இருந்தது. லண்டனிலிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் ஏறாது. திருகோணமலையில் அதே கோள் 58 பாகை வரை ஏறும். கோள் தாழ இருந்தால் அதன் ஒளி அதிகமான காற்றைக் கடந்து வர வேண்டும். இந்தக் கணக்கில் லண்டன்காரர் திருகோணமலைக்காரரைவிட மூன்று மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்க வேண்டியிருந்தது. சூடான தார் ரோட்டின் மேல் தூரத்து வாகனம் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவுதான் கோள் பார்ப்பவருக்குப் பெரிய எதிரி. காற்று குறைந்தால் நெளிவும் குறையும்.

இரண்டாவது, மழை. வியாழன் நமக்கு மிகக் கிட்டவாக, இரவு முழுக்கத் தெரியும்படி வருவது ஏறத்தாழ 13 மாதத்துக்கு ஒரு முறை. 1900 இல் அது மே மாதக் கடைசியில் வந்தது, 1901 இல் ஜூன் கடைசியில், 1902 இல் ஓகஸ்டில். கொழும்பில் அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவமழை, முகில். திருகோணமலையில் அதுதான் வறட்சிக் காலம். ஒரே தீவின் இரண்டு கரைக்கும் இரண்டு வானம். அவர் அந்த ஆண்டுகளில் கொழும்பில் வேலை பார்த்திருந்தால் நல்ல இரவுகளில் பாதியை மழைக்குக் கொடுத்திருப்பார்.

இனி அவர் செய்த வேலை. பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே செய்யலாம்.

வியாழன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 10 மணித்தியாலம்கூட ஆகாது. நம் புவியை விடப் 11 மடங்கு அகலமான கோள், இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது. அதனால் அதன் மேலுள்ள ஒரு புள்ளி ஒரு பக்கம் தோன்றி, நடுவைக் கடந்து, மறுபக்கம் போய் மறைவதை ஒரே இரவில் பார்க்கலாம். பார்ப்பவர் செய்யவேண்டியது இதுதான்: புள்ளி சரியாக வட்டத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தை மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவது. ஒரு நிமிடத்தில் வியாழன் அரைப் பாகையைவிடச் சற்று அதிகமாகத் திரும்புகிறது. ஆகவே நேரம் ஒரு நிமிடம் சரியாக இருந்தால் அந்தப் புள்ளியின் நெட்டாங்கு அரைப் பாகை அளவுக்குத் துல்லியமாகக் கிடைத்துவிடும். சில நாள் கழித்து அதே புள்ளியை மறுபடி பார்த்தால் அது முன்னே போகிறதா, பின்தங்குகிறதா என்று தெரியும். அதிலிருந்து வியாழனில் காற்று எந்தப் பட்டியில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிடலாம்.

ஒரு கண், ஒரு மணிக்கூடு, ஒரு பென்சில். இதை வைத்துக்கொண்டு மோல்ஸ்வோர்த் ஆயிரக்கணக்கான நேரங்களைக் குறித்தார். ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கில் குறித்ததும் உண்டு. நித்திரை கண்ணைச் சுழற்றும் நேரத்தில், நுளம்புக் கடியில், இன்னொரு புள்ளி, இன்னொரு நிமிடம் என்று எழுதுவது எவ்வளவு சலிப்பான வேலை என்று, அரை மணி நேரம் செய்து பார்த்த எனக்குத் தெரியும்.

1901 பெப்ரவரி 28. வியாழன் அப்போது விடியலுக்கு முந்திய வானத்தில்தான் தெரியும். நள்ளிரவு தாண்டிய பிறகே உதிக்கும். சுபஹுக்கு எழும்புகிறவர்கள் பார்க்கும் வானம் அது. அன்று வியாழனின் தென்பகுதியில், வெளிறிய பட்டி ஒன்றில், முன்பு இல்லாத ஒரு சின்னக் கருமையை மோல்ஸ்வோர்த் கண்டார். அந்த இடத்தில் எது இருந்தது, எது இருக்கவில்லை என்று அவருடைய கொப்பிக்குத் தெரிந்திருந்ததால்தான் அது புதியது என்று அவருக்கும் தெரிந்தது. வேறொருவர் அதே இரவில் அதே தொலைகாட்டியால் பார்த்திருந்தால் ஒரு கறை என்று நினைத்துப் போயிருக்கலாம்.

அந்தக் கருமை வளர்ந்தது. நெட்டாங்கில் நீண்டு கொண்டே போனது. வானியலாளர் அதற்குத் தென் அயனமண்டலக் குழப்பம் என்று பெயர் வைத்தார்கள். வியாழனின் பெரிய சிவப்புப் பொட்டைப் பற்றிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள், நம் புவியே உள்ளே அடங்கும் சூறாவளி. மோல்ஸ்வோர்த் கண்ட குழப்பம் அந்தப் பொட்டைவிட வேகமாகச் சுற்றியது. அதனால் பின்னால் வந்து பொட்டை எட்டிப் பிடித்து, கடந்து, மீண்டும் சுற்றி வந்து எட்டிப் பிடித்தது. பல தடவை. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டும் ஒன்றை ஒன்று எப்படித் தள்ளுகின்றன என்று உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அந்தக் குழப்பம் ஏறத்தாழ 1939–40 வரை, கிட்டத்தட்ட 40 ஆண்டு நீடித்தது. கண்டுபிடித்தவர் மறைந்த பிறகும் அது நீண்ட காலம் வாழ்ந்தது. மோல்ஸ்வோர்த் 1908 டிசம்பர் 25 ஆம் திகதி திருகோணமலையில், வயிற்றுளைவு நோயால் காலமானார். வயது 41.

செவ்வாய்க் கோளில் 170 கிலோமீற்றருக்கும் அகலமான ஒரு பள்ளத்துக்கு 1973 இல் மோல்ஸ்வோர்த் என்று பெயர் வைத்தார்கள். கொழும்பில் பிறந்து திருகோணமலையில் மறைந்த ஒருவரின் பெயர் செவ்வாயில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஆசிரிய கலாசாலையில் விஞ்ஞானப் பாடம் படித்த எனக்கும் அண்மைக்காலம் வரை தெரியாது.

மாணவனிடம் இதைச் சொன்னபோது அவன் உடனே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தான். "அவரும் வெள்ளைக்காரர்தானே டீச்சர்?"

ஓம், வெள்ளைக்காரர்தான். ஆளவந்தவர்களின் படை அதிகாரி. அந்தக் காலத்தில் நம் தெருவில் வாழ்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். படையில் இருந்த மலாய்க் குடும்பங்கள், துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் உழைத்தவர்கள், சாமான் சுமந்தவர்கள், தையல்காரர்கள். இரவில் வானத்தைப் பார்க்கும் நேரம் அவர்களுக்கு இருந்தாலும் 12 அங்குல ஆடி வாங்கும் காசு இருந்ததில்லை. வானம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, கருவி ஒரு சிலரிடம் இருந்தது. இதை மறைத்துக் கதை சொன்னால் பிள்ளைக்கே பிடிபடும்.

அதனால் நான் அவனிடம் கேட்டேன், "இப்போ உன் கையில என்ன இருக்கு?" அவன் கையில் போன் இருந்தது.

இந்த இடத்தில் படம் எடுக்கும் கதைக்கு வர வேண்டும். மோல்ஸ்வோர்த் காலத்தில் கமரா இருந்தது. ஆனாலும் வியாழனைப் படம் எடுக்காமல் ஏன் கையால் வரைந்தார்? அன்றைய படத்தகடு மந்தமானது. ஒரு கோளின் ஒளியைப் பதிய நொடிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அந்த நொடிகளுக்குள் காற்று நெளிந்து, நுணுக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிடும். மனிதக் கண் வேறு மாதிரி. நெளிந்துகொண்டே இருக்கும் உருவத்தில் ஒரு கணம் காற்று அமைதியாகும். அந்தக் கணத்தில் உள்ளதைக் கண் பிடித்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். நல்ல பார்வையாளர் அந்தக் கணங்களுக்காகக் காத்திருந்து, ஒவ்வொன்றாகத் தாளில் சேர்ப்பார்.

இன்று உலகம் முழுக்க ஆர்வலர்கள் கோள்களைப் படம் எடுக்கும் முறை அந்தக் காத்திருப்பேதான், இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறார்கள். நொடிக்கு 30 படம் என்றால் இரண்டு நிமிடத்தில் 3600 படம். அதில் பெரும்பாலானவை நெளிந்து போனவை. ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் ஒவ்வொன்றையும் சோதித்து, காற்று அமைதியாக இருந்த கணத்தில் விழுந்த சில நூறை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் போன்ற ஒன்றில் போட்டுக் கூர்மையாக்கினால் பட்டிகள் எழும்பி வரும். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வியாழனே சுற்றிவிடும், படம் கலங்கும்.

இப்படி வீட்டிலிருந்து எடுப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். கிறிஸ்தோபர் கோ. பிலிப்பைன்ஸில் செபு நகரத்துக்காரர், தளபாட வியாபாரம் செய்பவர். செபு நகரம் 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. நம்மைப் போலவே வெக்கையும் ஈரமும் வெளிச்சமும் நிறைந்த துறைமுக நகரம். 2006 பெப்ரவரியில், அதுவும் விடியலுக்கு முந்திய வானத்தில், தன் 11 அங்குலத் தொலைகாட்டியால் எடுத்த படங்களில் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். வியாழனில் அதுவரை வெள்ளையாக இருந்த ஒரு சூறாவளி சிவப்பாக மாறியிருந்தது. அதன் பிறகு ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியே அந்தப் பக்கம் திரும்பியது. 1901 பெப்ரவரி திருகோணமலை, 2006 பெப்ரவரி செபு. நடுவில் 105 ஆண்டு. இரண்டு பேரும் நேற்று எப்படி இருந்தது என்ற பதிவைக் கையில் வைத்திருந்தவர்கள்.

கொழும்பிலும் இந்த வழி புதிதில்லை. 1956 இல் இலங்கைக்கு வந்து 2008 இல் இங்கேயே மறைந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், நம் தெருவிலிருந்து அதிக தூரம் இல்லாத பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் தொலைகாட்டி வைத்திருந்தார். கோள்மண்டலம் 1965 இலிருந்து கொழும்பு 7 இல் நிற்கிறது. மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போக முடிந்தால் கூட்டிப் போங்கள்.

"கொழும்பில் இவ்வளவு வெளிச்சத்தில் என்ன தெரியும்?" என்பதுதான் எல்லாரும் கேட்பது. பால்வீதி தெரியாது, மங்கலான அண்டங்கள் தெரியாது. அது உண்மை. ஆனால் சந்திரன், வெள்ளி, வியாழன், சனி, செவ்வாய் எல்லாம் நகர வெளிச்சத்தை மீறித் தெரிபவை. கோள் பார்ப்பவருக்கு நகரமும் கிராமமும் பெரிய வித்தியாசம் இல்லை. நெளியாத காற்றுதான் வேண்டும்.

நான் தவறிப் படித்த சிலவற்றைச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவருக்கு உதவும்.

600 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 40 மடங்கு பெரிதாக்கினாலே, வியாழன் வெறும் கண்ணுக்குத் தெரியும் முழுச் சந்திரன் அளவுக்கு வந்துவிடும். சின்னத் தொலைகாட்டியில் அதிகம் கூட்டினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும். வேண்டியது ஆடாத கால். எங்கள் தொலைகாட்டியின் முக்காலியில் மூன்று போத்தல் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் படம் நின்றது.

போனை பார்வைத்துண்டில் கையால் பிடித்து நான் எடுத்த முதல் முப்பது நாற்பது படத்திலும் வியாழன் வெள்ளை மின்குமிழ் போல இருந்தது. போன் இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. திரையில் கோளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். அப்போது பட்டிகள் வரும், உபகோள்கள் மறையும். உபகோள்கள் வேண்டுமென்றால் கூட்ட வேண்டும், அப்போது பட்டிகள் மறையும். இரண்டையும் தனித்தனியாக எடுப்பதே நல்லது. போனைப் பிடிக்கும் தாங்கி ஒன்று வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்துத் தளமும் தகரக் கூரையும் இரவு பத்து மணி வரை வெக்கையைக் கக்கும். அதன் மேலாகப் பார்த்தால் கோள் கொதிக்கும் பானையில் கிடப்பதுபோல் இருக்கும். ஏசி வெளிப்பெட்டிகளும் அப்படித்தான். கோள் உச்சிக்கு வரும் வரை பொறுங்கள்.

சூரியன் பக்கம் தொலைகாட்டியைத் திருப்ப ஒருபோதும் விடாதீர்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும். பகலில் தொலைகாட்டி அலுமாரிக்குள்.

சனியின் வளையம் எங்கே என்று பிள்ளைகள் ஏமாறலாம். 2025 மார்ச்சில் அது ஓரமாகத் திரும்பி, ஒரு கோடுபோல் ஆனது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 அளவில் நன்றாகத் திறக்கும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் வரை ஆண்டுக்கொரு படம் எடுத்து வைத்தால், அந்த வளையம் திறப்பதைத் தன் கையாலேயே பதிவு செய்துவிடும்.

வியாழன் நமக்குக் கிட்டவாக வரும் நாட்கள், 2026 இல் ஜனவரி 10, 2027 இல் பெப்ரவரி 10 அளவில். இரண்டும் கொழும்பின் வறட்சி மாதங்கள். அந்த நாட்களில் வியாழன் நம் தலைக்கு மேல், ஏறத்தாழ 75 பாகையிலோ அதற்கும் உயரத்திலோ நிற்கும். 1901 இல் திருகோணமலைக்குக் கிடைத்த வாய்ப்பு இப்போது நம் பக்கத்துக்கு வந்திருக்கிறது.

கடைசியாக, எனக்கு மனதில் உறுத்தும் ஒன்று.

நம் தெரு மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒழுங்கைகள் சில இப்போது இல்லை. மொட்டைமாடியோடு இருந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் பலர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். போனவர்களுக்குக் குழாய் நீரும் லிப்டும் கிடைத்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே ஏறிப் பார்க்க ஒரு சொந்தத் தளம் இல்லை. எங்கள் மாடியிலிருந்தே கிழக்குப் பக்க வானம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. கோள் உதித்து ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் கட்டடங்களுக்கு மேலே வருகிறது. எங்கள் வீடு இன்னும் எத்தனை ஆண்டு இப்படியே இருக்கும் என்று வாப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். சீ.ஆர். கொப்பி ஒன்று. திகதி, நேரம், வானம் எப்படி, எந்தக் கோள், உபகோள்கள் எந்தப் பக்கம் எத்தனை, பார்த்தவர் பெயர். பிள்ளைகள் தாங்களே வரைகிறார்கள். ஒரு பிள்ளை முதல் நாள் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று என்று வரைந்து, அடுத்த நாள் இரண்டு பக்கமும் இரண்டு என்று கண்டதும், "டீச்சர், நான் நேத்து பிழையா வரைஞ்சிட்டேன்" என்று அழிக்கப் போனாள். அழிக்காதே, நேற்று அது அங்கேதான் இருந்தது, இரவோடு இரவாக நகர்ந்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். 1610 ஜனவரியில் கலிலியோவும் இப்படித்தான் நாளுக்கு நாள் வரைந்து, அந்தப் புள்ளிகள் வியாழனைச் சுற்றுகின்றன என்று கண்டார் என்று பிறகுதான் சொன்னேன். முதலில் அவளாகவே காணட்டும் என்று விட்டேன்.

பிறை விஷயத்திலும் இதே ஆசை எனக்கு உண்டு. தீர்ப்பு உலமாக்களுடையது, பெரிய பள்ளிவாசலில் கூடி அறிவிப்பார்கள். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 29 ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு நாம் எல்லாரும் போனைத்தான் பார்க்கிறோம். ஒரு மாதமாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலில் நின்று மேற்கு வானத்தைப் பாருங்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 'தெரியவில்லை' என்பதும் ஒரு பதிவுதான்.

வானம் தெளிவாக உள்ள வெள்ளி இரவுகளில், இஷாவுக்குப் பிறகு, எங்கள் மாடிக்கு வரலாம். பிள்ளைகள் உம்மாவோ வாப்பாவோ கூட வந்தால் மட்டும். படியேறும்போது சத்தம் வேண்டாம், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வரும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும், கையில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.

எழுதியதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அந்த மாணவனுக்கும், அழிக்கப் போன அந்தப் பிள்ளைக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பயனுள்ள கல்வியைக் கொடுக்கட்டும். ஆமீன்.